ரெண்டு தட்டு

அருள்முருகனுக்கு ரொம்பப் பிடித்த படம் எது என்பதில், அறையில் மிஞ்சியிருந்த மூன்று பேருக்கும் மூன்று கருத்து இருந்தது.

"எட்டாம் நம்பர் லாரி. இதுல என்னண்ணே சந்தேகம்?" என்றான் ரவிசங்கர். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "அந்தப் படத்தப் பத்திப் பேச்செடுத்தா தட்டுல இருக்குத சோத்த மறந்துருவாவ."

"அது ஒனக்குப் புடிச்ச படம் தம்பி," என்றார் கௌஸ் முகைதீன். "நீ பேசுவ, அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். அவனுக்கு மணல்மேட்டு ராசாதான். கோர்ட்டு சீன்ல அவன் கண்ணுல தண்ணி வந்தத நான் பாத்தேன்."

"அடுப்புல மொளகா வறுத்துருப்பிய."

பன்னீர்செல்வம் புளிக்குழம்பைக் கிண்டுவதை நிறுத்தினார். "ரெண்டும் இல்ல. உப்பளத்துக் காவலாளி."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் படம் நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் பட்டுக்கோட்டையில் தியேட்டர்காரர் பழைய படத்தைப் போட்டுவிட்டார்.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அறை. நாலு கட்டில், ஒரு ஏசி, ஜன்னலோரம் ஒரு அடுப்பு. ஜூலையில் குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வரும். காலையிலேயே டிரம்மில் பிடித்து அறைக்குள் வைத்தால்தான் சாயங்காலம் உடம்பில் ஊற்ற முடியும். பன்னீரும் அருள்முருகனும் கீழே வெல்டர்கள். ரவிசங்கர் அதே கம்பெனியின் பிக்கப் ஓட்டினான், வள்ளியூர்க்காரன். கௌஸ் முகைதீன் அதிராம்பட்டினம். எதிர்வரிசையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றார். நாலு பேரை ஒரே அறையில் ஒன்பது வருஷம் வைத்திருந்தது சோலைராஜன் என்ற நடிகர். அண்ணன் என்றுதான் சொல்வார்கள். புதுப்படம் வந்தால் ரவிசங்கரின் பிக்கப்பில் நாலு பேரும் அபுதாபிக்குப் போய் முதல் காட்சி பார்ப்பார்கள். வழியில் யார் விசில் அடிப்பது என்று சண்டை நடக்கும். அருள்முருகன்தான் அடிப்பான். அவன் விசிலுக்குப் பாகிஸ்தானிகூடத் திரும்பிப் பார்ப்பான்.

இருபது நாளைக்கு முன்னால் காலை பதினொரு மணிக்கு ஒரு டேங்கருக்குள் இறங்கி உள்பக்கத் தகடுகளின் இணைப்பில் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தான் அருள்முருகன். மேல் மூடி வழியாகக் காற்று ஊதுகிற ஃபேன் நின்றுபோனது. அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கிரைண்டர் சத்தத்தில் எது ஓடுகிறது, எது நின்றது என்று யாருக்குத் தெரியும்? பன்னீர் டீக்குக் கூப்பிடப் போனபோது அவன் டேங்கருக்குள் அடித்தகட்டில் குப்புறக் கிடந்தான். ஆம்புலன்ஸில் இதயத்தைத் திருப்பி ஓட வைத்தார்கள். மூளைக்கு அதற்குள் நேரமாகிவிட்டிருந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கண் திறக்கும், மூடும். யாரையும் பார்க்காது.

இந்தப் படப் பேச்சுக்குக் காரணம் ஷம்சியா, அந்த வார்டு நர்ஸ். பாலக்காட்டுக்காரி. "சும்மா அருளே, அருளேன்னு விளிச்சா போதாது பன்னீரண்ணா. அவர்க்கு ஏது இஷ்டமோ, அதப் பேசணும். அடுத்த திங்களாழ்ச்ச பெரிய டாக்டர் வந்து நோக்கும். சொன்னது கேட்டு ஒரு விரல் அசைச்சா மதி, ரிஹேப் வார்டுல இடம் கொடுக்கும். இல்லேன்னா ஸ்ட்ரெச்சர்ல நாட்டுக்கு அனுப்பிடும்."

"நாட்டுக்குப் போனா?"

ஷம்சியா கழுத்துக் குழாயைப் பார்த்தாள். "இது மணிக்கூருக்கு ஒரு தடவை க்ளீன் பண்ணணும். வீட்ல யாரு செய்யும்?"

வீட்டில் பானுமதி இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பதினாறு கிலோமீட்டர். பன்னீருக்கு அந்த ஊர் தெரியும், அவருடையது அடுத்த ஊர். அந்த வீட்டுக்கு அவன் போனால் எத்தனை நாள் தாங்குவான் என்பதும் தெரிந்ததுதான்.

அன்று மாலை நாலரை மணிக்கு மூன்று பேரும் போனார்கள். முதலில் ரவிசங்கர் ஆரம்பித்தான். லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தத்திலிருந்து வாயாலேயே போட்டான். அடுத்த கட்டிலில் காலொடிந்து கிடந்த வங்காளதேசத்துக்காரன் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் சண்டை புரிந்தது.

"மலைப்பாதை. பிரேக்கு இல்ல. உள்ள நாப்பது ஸ்கூல் பிள்ளேள். அண்ணன் கண்ணாடில பாக்காரு. வில்லன் ஜீப்பு பின்னால வருது. பாத்துட்டு, ஸ்டியரிங்ல..."

சோலைராஜனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படமானாலும், ஒரு முடிவுக்கு வரும்போது ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவார். மேஜையில், தொடையில், எதிராளியின் மார்பில். தியேட்டர் அதற்காகத்தான் காத்திருக்கும். ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, இரண்டு தட்டு தட்டுவார்கள்.

ரவிசங்கர் கட்டில் கம்பியில் தட்டப் போனான். அதற்குள் போர்வையின் மேல் அருள்முருகனின் இடது ஆள்காட்டி விரல் எழுந்து விழுந்தது. மறுபடி எழுந்து விழுந்தது.

"அண்ணே!" ரவிசங்கரின் குரல் உடைந்தது. "தட்டிட்டாவண்ணே! ரெண்டு தட்டு!"

கௌஸ் முகைதீன் அல்லாஹ் என்றார். பன்னீர் அந்த விரலைப் பிடித்தார். சூடாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து, கௌஸ் முகைதீன் மணல்மேட்டு ராசாவின் கோர்ட்டு சீனில் ஜட்ஜாக இருந்தபோது விரல் மறுபடி தட்டியது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே ரவிசங்கரைக் குத்தினார். "லாரிக்கு அசைச்சது சும்மா லேசா. இதுக்குத்தான் அழுத்தி அசைச்சான்."

"ஏன் கௌஸ் காக்கா, இதுலயும் போட்டியா?"

"நெசத்தச் சொல்லணும்ல."

மறுநாள் பன்னீர் உப்பளத்துக் காவலாளியைச் சொன்னார். அவர் கதை சொல்லத் தெரிந்தவர் இல்லை. மெதுவாக, நடந்தது நடந்தபடி சொன்னார். முதலாளி செத்துப்போகிறார். உப்பைக் கேட்க ஆள் வரவில்லை. காவலாளி மட்டும் அந்தக் குவியலைக் காவல் காக்கிறான். சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, போகச் சொல்லவும் ஆள் இல்லை. யாரையும் அடிக்க மாட்டான். அதனால்தான் படம் ஓடவில்லை. கடைசியில் போலீஸ் ஜீப் வருகிறது, இடத்தைக் காலி பண்ணு என்கிறார்கள். அவன் டீ கிளாஸில் இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஜீப் வந்தபோது விரல் தட்டியது. ரவிசங்கர் அதைப் போனில் பிடித்தான்.

"ஐயோ, அது பாடில்ல!" ஷம்சியா ஓடிவந்தாள். "பேஷண்ட வீடியோ எடுத்தா இங்க ஜெயிலாக்கும்!"

"இல்ல சிஸ்டர், அழிச்சிருதேன்."

அவன் அழிக்கவில்லை. பானுமதிக்கு அனுப்பினான். பிறகு அண்ணன் ரசிகர்களின் வளைகுடா குழுவில் போட்டான். கீழே எழுதினான்: 'எங்கள் அருள் அண்ணாச்சிக்குப் பேச்சில்லை, மூச்சில்லை. அண்ணன் படத்துக்கு மட்டும் ரெண்டு தட்டு. உங்களுக்குப் பிடித்த படத்தை அவருக்குச் சொல்லுங்கள்.'

மறுநாள் விடிவதற்குள் முந்நூறு குரல் செய்திகள் வந்திருந்தன.

சாயங்காலம் மூன்று பேரும் அவற்றை ஒவ்வொன்றாக அருள்முருகனின் காதருகே வைத்து ஓட்டினார்கள்.

"தம்பி அருளு, நான் சதக்கத்துல்லா. ஜித்தாவுல ஷரஃபியா மெஸ்ஸுல சமையல். ஒங்கள எனக்குத் தெரியாது. மணல்மேட்டு ராசாவுல அண்ணன் தங்கச்சி கல்யாணத்துல கடைசிப் பந்தியில ஒக்காந்து வெறுஞ்சோறு திம்பாருல்ல? யாரும் கொழம்பு ஊத்த மாட்டான். நான் அன்னைக்கு அழுத மாதிரி எங்க வாப்பா மவுத்துக்குக்கூட அழுவல. எந்திரிச்சிருங்க தம்பி. யா அல்லா, பொரட்டா கருகுது, வக்கிறேன்."

"வணக்கம்ணே. சலாலாவுலேருந்து ராஜிக். இங்க தூறிக்கிட்டே இருக்கு, ஒங்க ஊர்ல வெயிலு கொளுத்துமே. லாரி படத்துல அண்ணன் மழையில டயரு மாத்துவாருல்ல, கடையில ஒக்காந்து அதத்தான் தெனம் பாக்குறேன். நீங்களும் பாருங்க."

ஒருவன் வேறு நடிகரின் ரசிகன். 'எங்காளு படத்தப் போட்டுக் காட்டுங்கடா, எந்திரிச்சு ஓடியே போயிருவான்' என்று அனுப்பியிருந்தான். ரவிசங்கர் அதை மட்டும் ஓட்டவில்லை. அவனுக்குப் பதில் எழுதப் போனபோது, கௌஸ் முகைதீன் போனைப் பிடுங்கி வைத்தார்.

நடுநடுவே விரல் தட்டியது. எந்தப் படத்துக்குத் தட்டியது என்று ரவிசங்கர் குழுவில் எழுதினான். தட்டு வாங்கிய படத்தின் ஆட்கள் கொண்டாடினார்கள், வாங்காத படத்தின் ஆட்கள் இன்னும் நீளமாகப் பேசி அனுப்பினார்கள். பட்டுக்கோட்டை மன்றத்துக்காரர்கள் பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள். சோலைராஜனுக்குப் பக்கத்தில் அருள்முருகனின் பாஸ்போர்ட் போட்டோ. பானுமதி அதைப் படம் பிடித்து அனுப்பினாள். கீழே பெரிய பெண்ணும் சின்னப் பெண்ணும் யூனிஃபார்மில் நின்றார்கள்.

சனிக்கிழமை கம்பெனி ஆபீசிலிருந்து பானுமதிக்குப் போன் செய்தார்கள். ஸ்ட்ரெச்சரில் அனுப்பச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும். அவள் மறுத்துவிட்டாள்.

"நான் சொல்லிப்புட்டேண்ணே," என்றாள் பன்னீரிடம். "வெரலு ஆடுற மனுசன எதுக்குக் கட்டித் தூக்கிக்கிட்டு வரணும்? அங்கயே நடக்கவச்சு அனுப்புங்கன்னுட்டேன். சரிதானண்ணே?"

"சரிதான் தங்கச்சி," என்றார் பன்னீர்.

திங்கட்கிழமைக்கு மூன்று பேரும் அரைநாள் லீவு கேட்டார்கள். ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு 'யல்லா, போ' என்றான்.

பெரிய டாக்டர் எகிப்துக்காரர். நரைத்த மீசை, பொறுமையான ஆள். கண்ணில் லைட் அடித்தார். முழங்காலில் தட்டினார். பிறகு பன்னீரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"ரெண்டு விரல் காட்டணும்னு உங்க பாஷையில சொல்லு," என்றாள் ஷம்சியா.

"அருளு," என்றார் பன்னீர். "ரெண்டு வெரலக் காமிப்பா."

ஒன்றும் நடக்கவில்லை.

"கண்ண மூட்றா. மூடித் தெற."

அவன் கண் திறந்தே இருந்தது. டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"இல்ல டாக்டர்," ரவிசங்கர் குறுக்கே வந்தான். "ஒன் மினிட். கத சொல்லணும். கத சொன்னாத்தான் செய்வாவ. சிஸ்டர், அவர்ட்ட சொல்லுங்க."

ஷம்சியா சொன்னாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் என்றார்.

ரவிசங்கர் மலைப்பாதையில் லாரியை விட்டான். ஸ்டியரிங்கில் தட்டினான். விரல் அசையவில்லை. இன்னொரு தரம் சத்தமாகத் தட்டினான். கௌஸ் முகைதீன் கோர்ட்டைக் கூட்டினார். பாதியிலேயே வசனம் மறந்து நின்றார். பன்னீர் உப்பளத்துக்குப் போனார். ஜீப்பை வரவழைத்தார். டீ கிளாஸ் இல்லை, கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார்.

விரல் கிடந்த இடத்தில் கிடந்தது.

அப்போது கட்டிலின் தலைமாட்டில் இருந்த மெஷின் உறுமியது. அருள்முருகனின் இடது புஜத்தில் பிரஷர் பார்க்கச் சுற்றியிருந்த பட்டை மெல்ல உப்பியது. விரல் எழுந்து விழுந்தது. மறுபடி எழுந்து விழுந்தது.

"பாருங்க! பாருங்க டாக்டர்!" ரவிசங்கர் கத்தினான்.

டாக்டர் விரலைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷம்சியாவிடம் மெதுவாக எதையோ சொன்னார். அவள் தயங்கினாள். பிறகு மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினாள். பட்டை உப்பியது. இரண்டு தட்டு. காற்று இறங்கியது. மறுபடி அமுக்கினாள். உப்பியது. இரண்டு தட்டு.

அவள் பட்டையைக் கழற்றி வலது கையில் சுற்றினாள். அமுக்கினாள். இப்போது வலது கை விரல் தட்டியது.

"அரைமணிக்கூருக்கு ஒரு தடவை தன்னால இறுக்கும்," என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கை இறுகும்போ ஞரம்பு துடிக்குது. அவர் செய்யறதில்ல. நானும் கவனிச்சில்ல பன்னீரண்ணா. எனக்கு இத்ர பேஷண்டு..."

"அப்ப அதெல்லாம் மிசினா?" என்றான் ரவிசங்கர்.

டாக்டர் பன்னீரின் தோளில் கைவைத்து அரபியில் ஏதோ சொன்னார். ஆறுதலாக இருக்கலாம். போய்விட்டார். வங்காளதேசத்துக்காரன் தலையணையைக் கீழே இறக்கிப் படுத்துக்கொண்டான்.

பிக்கப்பில் திரும்பும்போது முதலில் கௌஸ் முகைதீன்தான் பேசினார். "நம்ம கொஞ்சமாவது யோசிச்சிருக்கணும். ஒரே நாளுல லாரிக்கும் தட்டுனான், கோர்ட்டுக்கும் தட்டுனான். அடுத்த நாளு உப்பளத்துக்கும் தட்டுனான். அவனவன் படத்துக்குத் தட்டுறான்னு அவனவன் சந்தோசப்பட்டோம்."

"நீங்க படலியோ?"

"நானும்தான்ய்யா பட்டேன். அதத்தான் சொல்றேன்."

"அந்தக் குழுவுல என்ன போடுததுக்கு?" ரவிசங்கர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். "இன்னைக்குக் காலையிலகூட எண்பது பேரு பேசி அனுப்பிருக்கான். நெய்வேலிலேருந்து ஒரு பாட்டா ஒன்றர மணி நேரம் பேசிருக்காரு. மிசினுன்னு போடவா?"

"போடாத. ஒண்ணும் போடாத," என்றார் பன்னீர்.

"பானுமதியக்காட்ட?"

பிக்கப்பின் வேகம் குறைந்தது. முன்னால் கம்பி ஏற்றிய டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. கம்பிகளின் நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"நீங்கதாண்ணே சொல்லணும்," என்றான் ரவிசங்கர். "நீங்க பக்கத்து ஊரு."

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு வேலை நின்றது. வெயில் காலத்தில் மூன்று மணிவரை வெளியில் வேலை கூடாது. எல்லோரும் ஷெட்டுக்குள் அட்டையை விரித்துப் படுத்தார்கள். பன்னீர் சோற்று டப்பாவைத் திறக்காமல், நிழல் விழுந்த ஒரு டேங்கரின் டயரோரம் போய் உட்கார்ந்தார். டயர் கொதித்தது, சாய முடியவில்லை. போனில் போட்டிம் ஆப்பில் பானுமதியைக் கூப்பிட்டார். வீடியோவை மூடிவைத்தார்.

"அண்ணே," என்றாள் அவள். "ஆபீசுலேருந்து பேசுனாங்கண்ணே. டாக்டரு எழுதிட்டாராம். கையெழுத்துப் போடலன்னாலும் இனிமே அங்க எடம் இல்லையாம். போட்டுட்டேன். வியாழக்கெழம கொண்டாராங்க. திருச்சிக்கு."

அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்றதும் பன்னீருக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி அதற்காக வெட்கப்பட்டார்.

"ஆமா தங்கச்சி. அதுக்குத்தான் கூப்புட்டேன். அந்த வெரலு விசயம்..."

"அதத்தாண்ணே நானும் கேக்கணும்னு இருந்தேன். டாக்டருக்கு என்ன தெரியும்? வேத்து மொழி ஆளு. அவரு வந்து நின்னதும் இவுக பயந்துருப்பாக. இவுகளுக்குப் பெரிய ஆளப் பாத்தா கையி காலு ஓடாது, ஒங்களுக்குத் தெரியாதா?"

"இல்ல பானு, அது என்னன்னா, அங்க ஒரு மிசினு..."

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது. "குழாயி, கழுவுறது, அதெல்லாம் பழகிக்குவேன். மாமியா கெடந்தப்ப நாந்தானே பாத்தேன். அது இல்ல. இங்க வந்தா அவுககிட்ட யாருண்ணே பேசுவா? எனக்கு ஒரு படமும் தெரியாதே."

"தெரியாதா?"

"ஒண்ணுகூடப் பாத்ததில்லண்ணே. லீவுல வருவாக, நாப்பத்தஞ்சு நாளு. அண்ணன் படம் போட்டிருந்தா கூட்டாளியளோட போயிருவாக. நானும் வாரேன்னா, அங்க விசிலடிப்பானுவ, பேப்பரக் கிழிச்சுப் போடுவானுவ, பொம்பள ஆளு எதுக்குன்னுருவாக. போன்ல பேசுனா என்ன சாப்புட்ட, புள்ளைய படிக்குதா, அவ்வளவுதான். பதினாலு வருசமா இதத்தான் பேசியிருக்கோம். அதச் சொன்னா வெரலு ஆடுமா?"

பன்னீர் டயரின் வெட்டுக்குள் சிக்கியிருந்த ஒரு சின்னக் கல்லை நகத்தால் நெம்பினார். வரவில்லை.

"பெரியவ நோட்டு வச்சிருக்கேன்," என்றாள் பானுமதி. "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். அந்த உப்புப் படம்தானே அவுகளுக்கு ரொம்பப் புடிக்கும்? மொதல்லேருந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்கண்ணே, எனக்கு வேகமா எழுத வராது."

ஷெட்டுக்குள்ளிருந்து யாரோ குறட்டை விடுவது கேட்டது. பன்னீர் தொண்டையைக் கனைத்தார். சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். அவள் அழுவாள், பிறகு நிறுத்துவாள். வியாழக்கிழமை வரும்போது எதையும் எதிர்பார்க்காமல் இருப்பாள்.

"ஒரு உப்பளம்," என்றார். "அதுக்கு ஒரு மொதலாளி. அவரு செத்துப் போயிடுறாரு."

"ம்."

"உப்பக் குமிச்சு வச்சது அப்புடியே கெடக்கு. காவலாளி மட்டும் இருக்கான். அதுதான் அண்ணன்."

"காவலாளி. பேரு?"

"பேரு கெடையாது. கடைசி வரைக்கும் யாரும் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்க."

"சரி. பேரு இல்ல," அவள் எழுதுவது கேட்டது. "அப்புறம்?"

அவர் சொன்னார். சம்பளம் நின்றதையும், ஊர்க்காரர்கள் கேலி செய்ததையும், காவலாளி இரவெல்லாம் குவியலைச் சுற்றி நடப்பதையும் சொன்னார். அவள் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஒரு இடத்தில் பேனா எழுதவில்லை என்று எழுந்து போய் வேறு பேனா எடுத்து வந்தாள்.

"அண்ணே, எல்லாத்தையும் எழுதிட்டேன். அவுக எந்த எடத்துல வெரலத் தட்டுவாக? அத மட்டும் தெளிவாச் சொல்லிருங்க. அங்க கோடு போட்டு வச்சிக்கிறேன்."

பன்னீர் வாயைத் திறந்தார். நாக்கு உப்புக் கரித்தது. நெற்றி வியர்வை உதடுவரை இறங்கியிருந்தது.

"போலீஸு ஜீப்பு வர்ற எடத்துல."

"வந்து நிக்கிறப்பவா, வந்துக்கிட்டு இருக்கிறப்பவா?"

"நிக்கிறப்ப," என்றார் பன்னீர்செல்வம்.